இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ, அப்பா தாங்குவாரா?

கேள்வி (மன்னார்குடி):
அப்பாவுக்கு 62 வயது. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுக்க எடுத்து ஒரு மாதம் ஆகிறது. நிணநீர் முடிச்சு இரண்டில் பரவியிருந்ததாம், அதனால் கீமோ வேண்டும் என்கிறார் டாக்டர். கட்டியைத்தான் எடுத்தாச்சே என்கிறார் அப்பா. 9 கிலோ இளைத்துவிட்டார், சம்பா நடவுக்கு வயலில் இறங்குவேன் என்று பிடிவாதம் வேறு.

பதில் (கும்பகோணம்):
தம்பி, என் அம்மா இதே மாதிரி கீமோவை முடித்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்ட செல்களை அழிக்கத்தான் கீமோ. அம்மாவுக்கு ஆக்சாலிப்ளாட்டின் டிரிப், 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, அப்புறம் ஒரு வாரம் ஓய்வு, இப்படி 3 வாரத்துக்கு ஒன்றாக 8 சுற்று. டிரிப் ஏறிய சில நாள் குளிர்ந்ததைத் தொட்டாலே விரல் ஷாக் அடித்த மாதிரி கூசும், பானைத் தண்ணீர்கூட ஆகவில்லை, வெந்நீர்தான். சேற்றில் மட்டும் இறங்க விடாதீர்கள், கீமோவால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது சின்னக் கீறலும் ஆபத்து.

பதில் (திருவையாறு):
காய்ச்சல் 100.4 தொட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாப்பாட்டை 6 வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரைப்பை இல்லாததால் வைட்டமின் பி12 ஆயுசுக்கும் வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நடவை சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்.