பதில்: பிஹேவியர் சேஞ்ச், சோஷியல் மார்க்கெட்டிங் – நடத்தை வேண்டாம், சந்தை இருக்கட்டும்

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம சுகாதாரக் கையேட்டுல வர்ற இங்கிலீஷ் சொல்லுங்களுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைக்கிறதுன்னு ரெண்டு நாளா ஓடுற பேச்சைப் படிச்சுட்டுத்தான் இருக்கேன். பிஹேவியர் சேஞ்ச்னா உடம்புக்கு ஆகாததை விட்டு நல்லதைச் செய்ய சனங்களை மாத்துறது, சோஷியல் மார்க்கெட்டிங்னா வியாபாரத்துல பொருளை விக்கிற வழியை மக்கள் நலத்துக்குப் பயன்படுத்துறது. பிஹேவியர் சேஞ்சுக்கு "நடத்தை மாற்றம்", சோஷியல் மார்க்கெட்டிங்குக்கு "சமூகச் சந்தைப்படுத்தல்", ரெண்டும் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு அதையே வச்சுக்கலாம்னு பேராசிரியர் ஐயா எழுதியிருந்தீங்க. உளவியல் புத்தகத்துல நடத்தைன்னுதான் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நான் அந்த வார்த்தையைத் தூக்கிக்கிட்டு ராமநாதபுரம் கடலோரத்துல மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவுல ஊர் ஊராப் போறவ, அதனால எனக்கு நடந்ததைச் சொல்லிடுறேன்.

போன வருசம் கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்கு ஒரு கூட்டம், பொகையில விடுறதைப் பத்தி. இவங்க தண்ணிக்குள்ள மணிக்கணக்கா முங்கி முங்கி எந்திரிக்கிறவங்க, குளிருக்கு வாயில ஒரு துண்டு பொகையில ஒதுக்கிக்கிட்டாத்தான் தாங்குதுன்னு சொல்லுவாங்க. நாங்க பேனர்ல கொட்டை எழுத்துல "நடத்தை மாற்றப் பயிற்சி"ன்னு போட்டுட்டோம். முன்வரிசையில இருந்த ஒரு அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "எங்க நடத்தைக்கு என்னத்தா குறைச்சலு?"ன்னு கேட்டாங்க. சத்தம் போட்டெல்லாம் கேக்கல, மெதுவாத்தான் கேட்டாங்க, நாலஞ்சு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. பேப்பர்ல "நடத்தையில் சந்தேகம்"னு வந்தா என்ன சேதின்னு நமக்குத் தெரியும், ஒரு பொம்பளையை அடிச்சதோ கொன்னதோதான் அந்தச் சேதி. அப்படி ஒரு வார்த்தையை அவங்க தலைக்கு மேல தொங்கவிட்டுட்டு சுகாதாரம் பேசுனது நாங்க செஞ்ச தப்பு, இன்னும் மனசுல கிடக்கு.

அதுக்கப்புறம் நான் "பழக்கமாற்றம்"னு சொல்லிப் பாத்தேன், யாருக்கும் உறுத்தல. "பழக்கமாயிருச்சுத்தா, விட முடியல"ன்னு அவங்க வாயிலேயே வர்ற சொல்லு அது. ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, தங்கச்சி ஒருத்தங்க சரியாவே கேட்டிருந்தாங்க, தடுப்பூசி போட ஒரு தடவை போறது பழக்கமா? இல்லதான். ஒரு சுகாதாரக் காரியத்தை சனம் ஏன் செய்யுது, ஏன் செய்யலன்னு விளக்குற ஹெல்த் பிலீஃப் மாடலே பொறந்தது அப்படி ஒரு இடத்துலதான். 1950கள்ல அமெரிக்காவுல காசில்லாம டிபிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வண்டியை வீட்டுப் பக்கத்துலயே கொண்டுவந்து நிறுத்துனாங்க, அப்பவும் சனம் வரல, ஏன் வரலன்னு ஹாக்பாம், ரோசன்ஸ்டாக்ங்கிற உளவியல் ஆய்வாளருங்க தேடிப் போனதுல வந்ததுதான் அந்த மாடல். நமக்கு அந்த நோய் வருமா, வந்தா பெரிசா பாதிக்குமா, போறதால என்ன லாபம், போகவிடாம எது தடுக்குது, இந்தக் கணக்குதான் அதுல. அதனால பொதுவா "செயல்மாற்றம்"னு வச்சுக்கிட்டு, திரும்பத் திரும்பச் செய்யுற விசயத்துக்கு மட்டும் "பழக்கமாற்றம்"னு சொல்லலாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

இப்ப சோஷியல் மார்க்கெட்டிங். இதுல "சமூக"ங்கிறதை எடுத்துடணும். ஒன்னு, சமூக ஊடகம்னு கேட்டுக் கேட்டு எல்லாரும் ஃபேஸ்புக் விளம்பரம்னு நினைக்கிறாங்க. ரெண்டாவது எங்க பக்கம் "நீங்க எந்தச் சமூகம்?"னா சாதியைத்தான் கேக்குறாங்கன்னு அர்த்தம். நான் என்ன விளக்கம் சொன்னாலும் அந்த வாடை போகாது.

ஆனா சந்தையை எடுக்கக்கூடாது. "விழிப்புணர்வுப் பரப்புரை"ன்னு சொன்னா போதாதான்னு தம்பி கேட்டிருந்தீங்க, போதாது தம்பி. பரப்புரைங்கிறது எடுத்துச் சொல்றது மட்டும்தான். பண்டம், விலை, இடம், எடுத்துச்சொல்றதுன்னு வியாபாரத்துல நாலு சொல்றாங்கள்ல, அந்த நாலையும் சேத்து மக்கள் நலத்துக்குத் திருப்பலாம்னுதான் 1971ல கோட்லர், சால்ட்மன்ங்கிற சந்தையியல் அறிஞருங்க இந்தப் பேரையே வச்சாங்க. நம்ம நாட்டுலயே 1968ல நிரோத்ங்கிற அரசாங்க ஆணுறை வந்தப்ப மூணு 15 பைசான்னு விலையை இறக்கி, டீத்தூள், சோப்பு, சிகரெட், பேட்டரி விக்கிற கம்பெனிங்களோட வழியாப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனாங்க, போஸ்டர் ஒட்டுனதோட நிக்கல. இதுல பாதி வேலை விலையும் இடமும்.

விலைன்னா ரூபா மட்டும் இல்ல. விசைப்படகுல ராத்திரி பூரா வலை இழுக்குற அண்ணனுக்குப் பொகையில தூக்கத்தை விரட்டுற சாமான், அதை விட்டா அவரு குடுக்குற விலை தூக்கக் கலக்கத்தோட வேலை பாக்குறது, கூட இருக்குறவங்க நீட்டுறப்ப வேண்டாம்னு சொல்றது. புத்துநோய் வரும்னு அவருக்குத் தெரியாதா, தெரியும், அட்டையிலேயே படம் போட்டிருக்கு. அந்த விலையைக் குறைக்க நாம என்ன குடுக்குறோம்ங்கிறதுதான் கேள்வி, சந்தைங்கிற சொல்லை எடுத்துட்டா இந்தக் கேள்வியும் கூடவே போயிரும். பள்ளிக்கூட வணிகவியல்ல "சந்தையிடுகை"ன்னு ஒரு சொல்லு இருக்கு, அதையே எடுத்து "பொதுநலச் சந்தையிடுகை"ன்னு வைக்கலாம். நீளம்தான், ஆனா அர்த்தம் தப்பாது.

கடைசியா, ஒரு பழக்கத்தை விடுறவங்க படிப்படியா எப்படி மாறுறாங்கன்னு ப்ரொசாஸ்கா, டிக்ளமென்டிங்கிற உளவியல் அறிஞருங்க சொன்ன படிகள். சிகரெட் விட்டவங்களைக் கவனிச்சு அவங்க போட்ட படிகள் இவை. முதல் படிக்கு "முன்சிந்தனை நிலை"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, அது ஏதோ ரொம்ப முன்கூட்டியே யோசிச்ச மாதிரி இருக்கு, அங்க விசயமே யோசிக்காததுதான், "நினைப்பில்லா நிலை"ன்னு வைங்க. அடுத்தது "யோசனை நிலை", அப்புறம் "ஆயத்த நிலை", அப்புறம் "செயல் நிலை", இதுல சண்டை இருக்காது. விட்டதை விட்டபடியே வச்சுக்கிற மெயின்டனன்ஸ் படிக்குப் "பராமரிப்பு"ன்னு போட்டா படகு எஞ்சினுக்கு ஆயில் மாத்துறதுன்னு நினைப்பாங்க. நான் "நிலைப்பு"ன்னு போட்டிருக்கேன்.

இதை நான் இவ்வளவு பிடிச்சு நிக்கிறதுக்குக் காரணம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து சூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையில கிடக்கும், பொகையில விடுறதுக்கு இதை விட நல்ல நேரம் கிடையாது, நிறையப் பேரு விடவும் செய்யுறாங்க. ஆனா ப்ரொசாஸ்காவோட படிக் கணக்குப்படி ஆறு மாசம் தாண்டுனாத்தான் நிலைப்பு, 61 நாளுல அவரு இன்னும் செயல் நிலையிலதான் நிக்கிறாரு, அதே ஆளு சூன் 15 அன்னைக்கு அதே படகுல அதே கூட்டாளிகளோட ஏறுறாரு. "கரையில விட்டேன், கடல்ல ஒட்டிக்கிருச்சு"ன்னு ஒரு அப்பச்சி சொன்னாரு. விட்ட பழக்கம் திரும்ப வர்ற ரிலாப்ஸுக்கு "மறுவீழ்ச்சி"ங்கிறது எனக்குப் பிடிக்கல, விழுந்துட்டவன்னு ஒரு பழி அதுல இருக்கு, அவரு சொன்ன "ஒட்டிக்கிருச்சு"ல அது இல்ல. "மறுஒட்டல்"னு வச்சா புரியுமா, இல்ல "திரும்புதல்"னே விட்டுரலாமா? கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது, இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் புதன் ராத்திரிக்குள்ள ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. கடலோரத்துல இருந்து வாசிக்கிறவங்க உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்றாங்கன்னும் சேத்து எழுதுங்க.