மழைக்குப் புள்ளி இல்லை: சொல்லின் பொருளை எழுத்திலேயே காட்டுவது எப்படி?

மைக்கூடு (கேள்வி):
விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பத்துத் தமிழ்ச் சொற்களை எடுத்து, பொருள் எழுத்திலேயே தெரிகிற மாதிரி வடிவமைக்க வேண்டும். கறுப்பு வெள்ளை மட்டும், படம் கூடாது. நான் முதலில் 'மழை' எடுத்து, ழ-வின் கீழ் வளைவிலிருந்து ஏழெட்டுத் துளி சொட்டுவது போலச் செய்தேன். "இது எழுத்துக்குப் பக்கத்தில் போட்ட படம்" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேடினால் ஆங்கில உதாரணங்கள்தான் வருகின்றன. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹெர்ப் லுபாலின் 1965-இல் 'மதர்' (Mother) என்ற ஆங்கிலச் சொல்லின் ஓ (O) வட்டத்துக்குள்ளேயே 'சைல்ட்' (Child) என்ற சொல்லை வைத்தார், குழந்தை வயிற்றில் இருப்பது போல. அப்படி ஒரு முழு வட்டம் தமிழில் எங்கே இருக்கிறது? எங்கிருந்து தொடங்குவது?

சுவர்விளம்பரம்:
ஆசிரியர் சொன்னது சரி. 'மழை'யில் புள்ளியே கிடையாது. இல்லாததைக் கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டியதாகத்தான் தெரியும். 'தூறல்' எடுத்துப் பாருங்கள். ல் மேலே ஒரு புள்ளி இருக்கிறதல்லவா? அதை மட்டும் கழற்றி ல-வுக்கு நேர் கீழே இறக்குங்கள். ஒரே துளி. தூறலுக்கு அது போதும். புள்ளி நகர்ந்தால் படிக்க முடியாதோ என்று பயப்பட வேண்டாம். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கவே மாட்டார்கள். இடம் பார்த்துத்தான் படித்தார்கள்.

நான் பதினெட்டு வருடம் கடை போர்டு எழுதினேன், இப்போது லோகோ வேலை. ஒரு மெஸ்ஸுக்கு 'பசி' என்று எழுதும்போது சாரத்தில் நின்றபடி கவனித்தேன். இரண்டடி உயர ப முகத்துக்கு நேரே இருந்தது. மேலே திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாத பாத்திரம். அன்றிலிருந்து எந்தச் சொல்லானாலும் முதலில் பெரிதாக எழுதி வைத்து, அரை மணி நேரம் சும்மா பார்ப்பேன். கால், கொம்பு, சுழி என்று எழுத்துக்கு உறுப்புகளாகவே பெயர் வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். நீங்கள் வட்டத்தைத் தேடவே வேண்டாம்.

அச்சுக்கோப்பு:
'யானை'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரக் குறி தனியாக நிற்காது; எழுத்தோடு சேர்ந்து தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். பழைய 'னை' போட்டாலே யானை வந்துவிடும். இப்போதைய பெரும்பாலான எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் அந்த வடிவம் வராது, பழைய புத்தகத்தைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் எழுத்து இடைவெளியை இஷ்டத்துக்கு இழுக்காதீர்கள். 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். அப்புறம் கால் 'ர' ஆகி, 'கெர' என்றுதான் படிக்க வரும்.

மைக்கூடு:
நன்றி அண்ணா, இருவருக்கும். நேற்று இரவு 'தூறல்' செய்தேன். முதலில் புள்ளியைக் கண்ணீர்த்துளி போல நீட்டினேன்; மறுபடியும் படம் ஆகிவிட்டது. வட்டமாகவே விட்டு, ல-வுக்குக் கீழே ஒன்றரை எழுத்து உயரம் தள்ளி வைத்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். "தூறல்" என்று படித்துவிட்டு, புள்ளி முன்பு இருந்த இடத்திலிருந்து கீழே வரை விரலால் கோடு இழுத்தார். தாத்தாவின் பழைய புத்தகம் ஒன்று பரணில் கிடைத்தது. இன்று 'னை'யை வரையப் போகிறேன்.