பேஸ் ரிக்கைச் சுருக்கணும்: ஒரே ப்ரீஆம்ப் பெடல்னா எதை எடுக்கலாம்?

கீழ்ஸ்தாயி:
எல்லாருக்கும் வணக்கம். என் பேஸ் கிட்டார் ரிக்கை, அதாவது கிட்டார்லேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் உள்ள சாதன வரிசையை, சுருக்கியே ஆகணும்னு இருக்கேன். டோனை உருவாக்கற ப்ரீஆம்ப் பெடல் ஒண்ணுலயே எல்லாத்தையும் அடக்கணும், எந்தப் பெடல்னுதான் முடிவுக்கு வர முடியல.

இப்போ போற வரிசை: அஞ்சு கம்பி ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரில ஓடற ப்ரீஆம்ப் உள்ளது), ட்யூனர், கம்ப்ரெஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தறது), ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கறது), ஏழு பேண்ட் ஈக்யூ (அடி, நடு, மேல் சத்தத்தைத் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கறது), கடைசியா டீஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தறது). அதிலிருந்து ஒரு லைன் மிக்ஸருக்கு, ஒரு லைன் ஆம்புக்கு. பெடல் எல்லாத்துக்கும் ஒரே அடாப்டர், டெய்ஸி செயின் (ஒரே வயர்லேர்ந்து எல்லாத்துக்கும் பவர் பிரியறது).

டோன் ஒரு இடத்துல இருக்கற மாதிரி இன்னொரு இடத்துல இல்ல. பேஸ்ல மூணு நாப், பெடல்ல ஏழு ஸ்லைடர், ஆம்ப்ல நாலு நாப். எதைத் தொட்டு எதைச் சரி பண்றதுன்னு தெரியாமத் திண்டாடறேன். மிக்ஸருக்குப் போற எக்ஸ்எல்ஆர் (மூணு பின்) கேபிளைச் செருகினதும் ‘ம்ம்ம்’னு ஹம் ஆரம்பிச்சுடுது. ஓவர்டிரைவ் போட்டா ஆம்ப்ல நல்லா இருக்கு, ஆனா மெயின் ஸ்பீக்கர்ல தகரத்தைச் சுரண்டற மாதிரி கேக்குது, அடிச் சத்தமும் காணாமப் போயிடுது.

பெரும்பாலும் கிளீனாதான் வாசிப்பேன், சில பாட்டுக்கு மட்டும் டிரைவ். மனசுல இருக்கறது: சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டீஐ வி2, டார்க்கிளாஸ் பி7கே அல்ட்ரா, எம்எக்ஸ்ஆர் எம்80, அகிலார் டோன் ஹேமர். மிக்ஸர் எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாவே அனுப்பற ஃபேன்டம் பவர்ல ஓடினா அடாப்டரே வேண்டாம்னு சான்ஸ்ஆம்ப் பக்கம் சாயறேன். சரியா?

மேடைஒலி:
தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி ஹம்மைத் தனியாப் பிரிச்சுடு. புதுப் பெடல் வந்தாலும் அது அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

பேஸ், டீஐ, மிக்ஸர். இது மட்டும் இணைச்சுக் கேள், ஆம்ப் வேண்டாம். அப்புறம் ஆம்பை இணை. ஆம்ப் சேர்ந்ததும் ஹம் வந்தா அது கிரவுண்ட் லூப். ஆம்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த், நடுவுல உன் கேபிளோட ஷீல்டு ரெண்டையும் சேர்க்குது. டீஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கும், அது எக்ஸ்எல்ஆரோட முதல் பின்னைத் துண்டிக்கும். அதைப் போட்டுப் பார்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். ஹம் போகும்னு யாராவது ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னைக் கழட்டச் சொன்னா கேக்காதே. உயிர் போற வேலை அது. துண்டிக்கறதுன்னா சிக்னல் கேபிள்ல மட்டும்தான்.

பெடல்களைத் திரும்பச் சேர்த்தப்புறம், ஆம்ப் இல்லாமலே மெல்லிசா ‘கீ’ன்னு ஒரு சத்தம் கேட்டா அது வேற சமாச்சாரம். டிஜிட்டல் ட்யூனர் டெய்ஸி செயின் வழியா மத்த பெடலுக்கு அனுப்பற சத்தம். ட்யூனருக்குத் தனி பவர் குடுத்தாத் தெரிஞ்சுடும்.

கீழ்ஸ்தாயி:
நன்றிண்ணா, இன்னைக்கே பார்த்தேன். ரெண்டுமே இருக்கு! ஆம்பைச் சேர்த்தாத்தான் ஹம், லிஃப்ட் போட்டதும் நின்னுடுச்சு. ட்யூனரைச் செயின்லேர்ந்து கழட்டினதும் அந்தக் ‘கீ’யும் போச்சு.

மேடைஒலி:
நல்லது. இப்போ உன் ஃபேன்டம் பவர் கணக்கைத் திரும்பப் பார். ஃபேன்டம் கரண்ட் மிக்ஸருக்குத் திரும்பிப் போற வழியே அந்த முதல் பின்தான். லிஃப்ட் போட்டா வழி அடைபட்டுடும். சான்ஸ்ஆம்ப்ல ஃபேன்டமும் கிரவுண்டும் ஒரே ஸ்விட்ச்ல இருக்கறது அதனாலதான். உன் மேடையில லிஃப்ட் போட்டாத்தான் ஹம் நிக்குதுன்னா, ஃபேன்டமை நம்பி ஒரு பெடலைத் தேர்ந்தெடுக்காதே. எதை வாங்கினாலும், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாப் பவர் குடுக்கற ஒழுங்கான ஐசொலேட்டட் பவர் சப்ளை ஒண்ணு வேணும்.

வால்வுக்காரன்:
டிரைவ் விஷயத்துக்கு வர்றேன். உங்க ஓவர்டிரைவ் கிட்டாருக்குன்னு செஞ்சதா இருக்கும். டியூப் ஸ்க்ரீமர் குடும்பம்னா, கிளிப் ஆகற (சிக்னலோட உச்சி வெட்டுப்பட்டுக் கரகரப்பு வர்ற) கட்டத்துல சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் படிப்படியாக் குறைஞ்சுடும். கிட்டாருக்கு அது நல்லது. உங்க அஞ்சாவது கம்பி பி, கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ். ஈ 41 ஹெர்ட்ஸ். அடிச் சத்தம் காணாமப் போகாம என்ன செய்யும்? பேஸ் ப்ரீஆம்ப்ல கிளீனையும் டிரைவையும் கலக்கற ‘பிளெண்ட்’ நாப் வைக்கறது இதுக்குத்தான். கிளீன் சிக்னல் அடியைத் தாங்கிக்கும், டிரைவ் மேலே கடிக்கும்.

தகரச் சத்தத்துக்குக் காரணம் வேற. பேஸ் கேபினட் ஸ்பீக்கர், ட்வீட்டர் இல்லேன்னா, 4-5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தானாவே சரிஞ்சுடும். டிரைவ் உண்டாக்கற கூர்மையை அது மழுக்கிடும், அதனால பக்கத்துல நிக்கற உங்களுக்கு இனிமையாக் கேக்குது. மெயின் ஸ்பீக்கர் அந்தக் கூர்மையை ஒண்ணு விடாம அப்படியே குடுக்கும். ஆகவே டீஐ பக்கம், கேபினட் ஸ்பீக்கர் மாதிரியே கூர்மையை மழுக்கற கேபினட் சிமுலேஷன் வேணும், குறைஞ்சபட்சம் டிரைவோட ட்ரெபிளைக் குறைக்க ஒரு நாப்பாவது வேணும். வாங்கறப்போ முதல்ல இதைப் பாருங்க, ஈக்யூல எத்தனை பேண்ட்னு அப்புறம் எண்ணிக்கலாம்.

நாலாம்கம்பி:
நான் வேற மாதிரி சொல்றேன், எதையும் வாங்காதீங்க. ஏழு பேண்ட் ஈக்யூவைக் கழட்டுங்க. ஆம்ப் ஈக்யூ எல்லாத்தையும் நடுவுல வைங்க, ஆம்ப்ல டீஐ அவுட் இருந்தா அதையே மிக்ஸருக்குக் குடுங்க. மூணு ஈக்யூ ஒண்ணை ஒண்ணு எதிர்த்து இழுத்தா எந்தப் பெடல் வந்தாலும் டோன் நிலைக்காது. பேஸ்ல பூஸ்ட், பெடல்ல கட், ஆம்ப்ல திரும்ப பூஸ்ட்னு போறப்போ நடுவுல எங்கேயாவது கிளிப் ஆகிட்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. ஆக்டிவ் பேஸ்ல பேட்டரி இறங்கினாலும் இதே மாதிரி கரகரன்னு வரும், அதையும் பாத்துக்கோங்க.

கீழ்ஸ்தாயி:
@நாலாம்கம்பி பேட்டரி புதுசு. ஈக்யூ இல்லாம வாசிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்னது உண்மை, பாதிக் குழப்பம் தீர்ந்துடுச்சு. ஆனா ஆம்ப் எப்பவும் என்னோடதா இருக்காது. மேடையில எது இருக்கோ அதுலதான் வாசிக்கணும். டோன் என் பையிலயே இருக்கணும்ங்கறதுக்குத்தான் பெடல் தேடறேன்.

வால்வுக்காரன்:
அப்படின்னா ப்ரீஆம்ப் பெடல் நியாயம்தான். ஆம்போட முன் இன்புட்டை விட்டுட்டு, பின்னாடி எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்ல போடுங்க. அந்த ஆம்போட ப்ரீஆம்ப், ஈக்யூ எல்லாத்தையும் தாண்டி நேரா பவர் ஆம்புக்குப் போயிடும், ஆம்ப் மாறினாலும் டோன் பெரும்பாலும் கூடவே வரும். சில ஆம்ப்ல ரிட்டர்னுக்கு அப்புறம் மாஸ்டர் வால்யூம் வேலை செய்யாது, அதனால பெடல் லெவலைச் சுழியத்துல வெச்சு மெதுவா ஏத்துங்க.

இனி எந்தப் பெடல். எனக்கு இதுல முக்கியம் கால் ஸ்விட்ச் எப்படிப் பிரியுதுங்கறதுதான், பிராண்டு அப்புறம். உங்களுக்கு ஈக்யூ எப்பவும் ஆன்ல இருக்கணும், டிரைவ் மட்டும் வந்து போகணும். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர்ல ஸ்விட்ச் ஒண்ணுதான். அமுக்கினா டிரைவ், ஈக்யூ எல்லாமே சேர்ந்து போயிடும். அதன் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், முதல் மாடல் 1992-லேர்ந்து எத்தனையோ மேடையைப் பார்த்திருக்கு. பழைய மாடல்ல மிட் நாப் கிடையாது, மிட் குழிஞ்சு பேண்டுக்குள்ள அமுங்கிடும். வி2-வில் மிட் நாப் குடுத்து 500, 1000 ஹெர்ட்ஸ்னு மாத்திக்க வழி பண்ணிட்டாங்க. ஒரே டோன்ல முழு நிகழ்ச்சியும் வாசிக்கறவருக்கு அதுதான் சரி. உங்க வேலைக்கு, மூணு செட்டிங் சேமிக்கற புரோகிராமபிள் மாடல் வேணும்னா ஒத்துவரும்.

டோன் ஹேமர் கிளீனுக்கு அருமை. மிட்டை 180-லேர்ந்து 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நகர்த்தலாம், ரெண்டு 9 வோல்ட் பேட்டரியில 18 வோல்ட்ல ஓடறதால சிக்னல் பலமா வர்ற ஆக்டிவ் பேஸுக்கும் இடம் குடுக்கும். தனி ஸ்விட்ச்ல ஏஜிஎஸ்னு ஒண்ணு வரும், அது லேசான பழைய கால அழுக்குதான். உங்க டிரைவுக்குப் பத்தாதுன்னு நினைக்கறேன்.

மிச்சம் எம்80, பி7கே அல்ட்ரா. ரெண்டுலயும் டிரைவுக்குத் தனி ஸ்விட்ச் உண்டு. எம்80 டிஸ்டார்ஷன் முரட்டு ரகம். பி7கே அல்ட்ராவில் டிரைவை ஆஃப் பண்ணினாலும் நாலு பேண்ட் ஈக்யூ ஓடிக்கிட்டே இருக்கும். லோ மிட் 250, 500, 1000 ஹெர்ட்ஸ்னு மாத்திக்கலாம். ‘கிரண்ட்’ ஸ்விட்ச் எவ்வளவு அடிச் சத்தம் டிரைவுக்குள்ள போகணும்னும், ‘அட்டாக்’ எவ்வளவு மேல் சத்தம் போகணும்னும் முடிவு பண்ணும். அந்தத் தகரத்தை அட்டாக்லயே பாதி அடக்கிடலாம். அதன் வி2 மாடல்ல டீஐக்கும் ஹெட்ஃபோனுக்கும் கேபினட் சிமுலேஷனும் உண்டு. பேட்டரி, ஃபேன்டம் ரெண்டுலயும் ஓடாது, ஆனா ஃபேன்டம் உங்களுக்கு ஏற்கெனவே கைவிட்டுப் போயிடுச்சு.

கீழ்ஸ்தாயி:
ஸ்விட்ச் பிரியற விஷயத்தை யாருமே சொன்னதில்ல அண்ணா. நண்பர்கள்கிட்டேர்ந்து பி7கே அல்ட்ரா வி2-வும் பேஸ் டிரைவர் வி2-வும் இரவல் கிடைக்குது. எப்படி ஒப்பிட்டுப் பார்க்கறது?

மேடைஒலி:
சத்த அளவைச் சமமாக்கு, அதுதான் முதல் வேலை. கொஞ்சம் சத்தமா இருக்கறதுதான் காதுக்கு நல்லதாத் தெரியும். மிக்ஸர் மீட்டரைப் பார்த்து ரெண்டையும் ஒரே அளவுல வை. தனியா வாசிச்சு முடிவு பண்ணாதே, டிரம்ஸ், கிட்டார் ஓடும்போது கேள். வீட்ல தனியாக் கேக்கறப்போ குழிஞ்ச மிட் இனிக்கும். பேண்டுல அந்த 300-800 ஹெர்ட்ஸ்லதான் உன் சுரம் என்னன்னே கேக்கறவருக்குத் தெரியும். நீ மேடையிலேர்ந்து கேக்கறதை வெச்சும் முடிவு பண்ணாதே, யாரையாவது வாசிக்கவிட்டு மெயின் ஸ்பீக்கர் முன்னாடி வந்து நில்லு.

கீழ்ஸ்தாயி:
ஒத்திகையில ரெண்டையும் கேட்டாச்சு. கிளீனுக்கு வெளியில நின்னு கேக்கறப்போ பெரிய வித்தியாசம் இல்ல. நிஜமாச் சொன்னா சான்ஸ்ஆம்ப்ல ஒரு கதகதப்பு கூட. ஆனா பாட்டு நடுவுல டிரைவுக்குப் போய்த் திரும்பறது பி7கே-வில்தான் சுலபம். பிளெண்டைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே, அட்டாக் ஸ்விட்சைக் குறைச்ச பக்கம், லோ மிட் 500-ல ஒரு சிட்டிகை பூஸ்ட், கேபினட் சிமுலேஷன் ஆன். பி கம்பியும் டிரைவ்ல நிக்குது, தகரமும் இல்ல. கிரவுண்ட் லிஃப்ட் போட்டேன், ஹம்மும் இல்ல. பேஸ்ல இருக்கற நாப் மூணையும் நடுவுல வெச்சுட்டேன்.

பி7கே அல்ட்ராதான். ஈக்யூ, ஓவர்டிரைவ், டீஐ பாக்ஸ் மூணும் பையை விட்டு வெளியே போகுது. இனி ட்யூனர், கம்ப்ரெஸர், ப்ரீஆம்ப், கூட நாலு அவுட்புட் ஐசொலேட்டட் சப்ளை. கம்ப்ரெஸர் முன்னாடியே இருக்கட்டுமா, பின்னாடி போடவா?

மேடைஒலி:
டீஐ பாக்ஸைப் பையிலயே வெச்சிரு. டிரான்ஸ்ஃபார்மர் வகைன்னா, பெடல் மேடையில மக்கர் பண்ற நாள்ல அது ஒண்ணுதான் கைகொடுக்கும்.

வால்வுக்காரன்:
கம்ப்ரெஸர் முன்னாடியே இருக்கட்டும். டிரைவுக்குப் போற சிக்னல் சீரா இருந்தா மெதுவா வாசிச்சாலும் பலமா வாசிச்சாலும் கடிப்பு ஒரே மாதிரி வரும். பின்னாடி போட்டா டிரைவோட இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். 4:1 விகிதத்துல ஆரம்பிங்க, பலமா அடிக்கறப்போ 4-லேர்ந்து 6 டெசிபெல் குறைஞ்சாப் போதும். கம்ப்ரெஸரோட அட்டாக்கை (அது வேலை செய்ய ஆரம்பிக்கற வேகம், பி7கே-வோட அட்டாக் ஸ்விட்ச் இல்ல) கொஞ்சம் மெதுவா வெச்சா விரல் படற ஒலி தப்பிச்சு வெளியே வரும். கம்ப்ரெஸரை ஆன், ஆஃப் பண்றப்போ சத்தம் மாறாத அளவுக்கு அவுட்புட் நாப்பை வைங்க, அப்பதான் ப்ரீஆம்ப்ல நீங்க வெச்ச டிரைவ் அளவு மாறாது.