மறு: ‘அறிவாற்றல் மீட்பு’ என்ற சொல் பற்றி

அன்புள்ள ஐயா, யாழ்ப்பாணத்து அக்கா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மூளையில் அடிபட்டவர்களுக்குத் தரும் ‘cognitive rehabilitation’ என்ற சிகிச்சைக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோமே, அதற்கு என் பதில் இது.

//‘அறிவாற்றல் மீட்பு’ என்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் புரியுமே.//

புரியும் ஐயா. தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. தலைக்காயம் பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ‘அறிவாற்றல்’ என்று சொன்னதும் வீட்டார் “அறிவு போயிருச்சா டாக்டர்?” என்று பதறுகிறார்கள். அறிவு போவதில்லை. கவனம் நிலைப்பதில்லை, சற்றுமுன் கேட்டது தங்குவதில்லை, எதை முதலில் செய்வது எதை அடுத்துச் செய்வது என்று பிடிபடுவதில்லை. அதனால் ‘அறிதிறன்’ என்றே வைத்துக்கொள்வோம்.

‘மீட்பு’ என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். பைக்கிலிருந்து விழுந்த ஒருவர். வீட்டில் காலை டீ அவர்தான் போடுவாராம். இப்போது பாலை அடுப்பில் வைத்துவிட்டு டீத்தூள் டப்பாவைத் திறப்பார். எதற்குத் திறந்தோம் என்று அப்படியே நிற்பார். சர்க்கரை இரண்டு தடவை விழும், பால் பொங்கி வழியும். ஐந்து வரி எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் பென்சிலால் டிக் போடச் சொன்னோம். மூன்றாம் வாரம் டீ சரியாக வந்தது. தாளை எடுத்துவிட்டால் வரவில்லை. “பழையபடி ஆயிட்டாராம்மா?” என்று அவர் மனைவி கேட்டார். நினைவு திரும்பவில்லை, டீ திரும்பியது. இதை ‘மீட்பு’ என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சிகிச்சையில் இரண்டு வழி உண்டு. குறைந்த திறனையே திரும்பத் திரும்பப் பயிற்றுவது ஒன்று. குறிப்பேடு, செல்போன் அலாரம், சுவரில் ஒட்டிய தாள் என்று வெளியிலிருந்து கைகொடுப்பது மற்றொன்று. நினைவு கடுமையாகப் பாதித்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் உதவுகிறது. பொதுப்பெயர் ‘அறிதிறன் மறுபயிற்சி’ என்றும், உள்ளே ‘மீட்டல் முறை’, ‘ஈடுகட்டல் முறை’ என்றும் இருக்கட்டுமே.

//எங்கட பக்கம் ‘புனர்வாழ்வு’ எண்டால் 2009க்குப் பிறகு ஆக்களுக்கு வேற ஞாபகம்தான் வரும்.//

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்களுக்கு அந்தப் பெயர்தானே. இங்கே ‘மறுவாழ்வு மையம்’ என்றால் குடியை நிறுத்தச் சேர்க்கும் இடம். மூளையில் அடிபட்டவரை அங்கே கூட்டிப்போகிறோம் என்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? இரண்டையும் விட்டுவிடுவோம்.

காய வகைகளுக்கு என் பரிந்துரை: தலையில் அடிபட்டதும் மூளை சற்று நேரம் குழம்பிப்போவதற்கு (concussion) ‘மூளை அதிர்ச்சி’ வேண்டாம். அதிர்ச்சி என்றால் கெட்ட செய்தி கேட்டு வருவது. ‘மூளை அதிர்வு’ போதும். மூளைத்திசு நசுங்கி இரத்தம் கட்டுவதற்கு ‘மூளைக் கன்றல்’. முட்டி கன்றிப்போச்சு என்று சொல்கிறோமே, அதே சொல். அடி முன்னால் பட்டு, கன்றல் பின்னால் இருந்தால் ‘எதிர்ப்பக்கக் கன்றல்’. தலை வேகமாக உலுக்கப்படும்போது நரம்பிழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுவது ‘பரவிய இழைக்காயம்’. இதற்கு நல்ல பெயர் கட்டாயம் வேண்டும். சிடி ஸ்கேனில் பல நேரம் இது தெரிவதில்லை. “ஸ்கேன் நார்மல்னாங்களே, அப்புறம் ஏன் இப்படி இருக்காரு?” என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு பெயராவது இருக்கும்.

‘லேசான காயம்’ என்பதையும் விளக்கத்தோடுதான் எழுத வேண்டும். அடிபட்டவர் எவ்வளவு சுயநினைவோடு இருக்கிறார் என்று அளக்க 1974இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை மதிப்பெண் என்பதே அதன் பொருள். அந்த மதிப்பெண் பெற்றவர்களிலும் சிலருக்குத் தலைவலியும் கவனச்சிதறலும் மாதக்கணக்கில் நீடிக்கும்.

இன்னொரு சொல்லுக்கு உதவி வேண்டும். நினைவு குன்றியவரை “யோசித்துச் சொல்லுங்கள்” என்று ஊகிக்க விட்டால், சொன்ன தவறான விடையே மனதில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் சரியான விடையை முதலிலேயே கொடுத்துப் பழக்குகிறோம். இதை ‘பிழைதவிர் கற்றல்’ என்று எழுதிவருகிறேன். வாய்க்கு இதைவிட எளிதாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள்.