ஏற்றத்தில் ஓடுகிறாள், இறக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்

ஏழு வயது மகளுடன் மலைக்காட்டுப் பாதைகளில் நடக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஏறும்போது எங்களுக்கு முன்னால் ஓடுபவள், இறங்கத் தொடங்கி இருபது நிமிடத்தில் "விரல் வலிக்கிறது" என்று உட்கார்ந்துவிடுகிறாள். கடைசி மூன்று நடைகளிலும் இதே கதை.

பாதை 6 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர். வேர்களும் ஈர இலைகளும் நிறைந்த மண்தடம். ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் வகுத்த நடைநேரக் கணக்குப்படி (5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்) இதற்கு 1 மணி 42 நிமிடம் வரும். அது பெரியவர்களுக்கான கணக்கு என்பதால் நாங்கள் இரட்டிப்பு நேரம் ஒதுக்குகிறோம். ஆகவே அவசரம் காரணமில்லை.

இரண்டு பெருவிரல் நுனிகளும் சிவந்துபோகின்றன. குதிகாலில் கொப்புளமில்லை, முழங்கால் வலியில்லை. மறுநாள் சரியாகிவிடுகிறது. சமதளத்தில் அதே ஷூவில் நாள் முழுக்கத் திரிகிறாள்!

நகத்தைக் குட்டையாக வெட்டிப் பார்த்தோம். அரை அளவு பெரிய ஷூ வாங்கினோம். குதிகால் நழுவி வலி கூடியது. தடித்த காலுறை போட்டதில் உள்ளே இடம் குறைந்ததுதான் மிச்சம். மேல் துளைகளில் லேஸை வளையமாக்கிக் கணுக்காலோடு இறுக்கினால் பாதி வழிவரை பலன் இருக்கிறது, பிறகு இறுக்கம் தாங்காமல் அவளே அவிழ்த்துவிடுகிறாள். ஒருமுறை தூக்கிக்கொண்டும் இறங்கினேன். 22 கிலோ, வழுக்கும் இலைகள், இனி மாட்டேன்.

இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்காமல் இருக்க, உங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் கைகொடுத்தது எது: வேறு லேஸ் கட்டும் முறையா, வேறு வடிவ ஷூவா?