மறு: மலையேற்றப் பந்தயக் கட்டுரை – 'மெலிவுயரம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்பின் நண்பர்களுக்கு,

மோட்டார் சைக்கிள் மலையேற்றப் பந்தயம் பற்றி நாங்கள் சேர்ந்து எழுதும் கட்டுரை ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரிடத்தில் இந்த நேரத்தில் இருக்கிற வளி, நியம வளிமண்டலத்தில் (ஒப்பிடுவதற்கென்று வகுத்துவைத்த மாதிரி வளிமண்டலம்) எந்த உயரத்து வளிக்கு அடர்த்தியில் ஒப்பானது? விமானிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவு இது. இதற்கு என்ன பெயர் வைப்பது? சென்னை நண்பர் 'அடர்த்தி உயரம்' என்கிறார். கொக்குவில் ரீச்சர் 'சமவுயரம்' என்கிறார். நான் 'மெலிவுயரம்' என்கிறேன்.

ரீச்சர், 'எதற்குச் சமமான உயரம்' என்று நீங்கள் யோசித்தது சரி. ஆனால் சமவுயரக் கோடு எங்கள் புவியியல் பாடத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு முன்பே படத்தில் அதை வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். மலையைப் பற்றிய கட்டுரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

'அடர்த்தி உயரம்' சொல்லுக்குச் சொல் சரியானது. அதன் சிக்கல் திசையில் இருக்கிறது. "மதியத்தில் அடர்த்தி உயரம் கூடியது" என்று எழுதினால், பத்துப் பேரில் எட்டுப் பேர் அடர்த்தி கூடியது என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். உண்மையில் அடர்த்தி குறைந்திருக்கும். ஜெற் (காபரேற்றரில் பெற்றோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளைத் துண்டு) மாற்ற வெளிக்கிடும் ஒரு பொடியன் இதை வாசித்துப் பெரிய ஜெற்றைப் போட்டானென்றால் கேடுதான். மெலிவுயரம் கூடியது என்றால் வளி மெலிந்தது. சொல்லும் பொருளும் ஒரே பக்கம் போகின்றன.

இந்த அளவு எங்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். நியம வளிமண்டலத்தில் கடல் மட்டத்து வெப்பநிலை 15 பாகை. அந்தந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலையை விட ஒரு பாகை கூடினால், மெலிவுயரம் ஏறக்குறைய 36 மீற்றர் கூடும். யாழ்ப்பாணத்தில் 32 பாகை வெயில் என்று வையுங்கள். 17 பாகை அதிகம், அதாவது 600 மீற்றருக்கு மேல். ஈரப்பதனையும் சேர்த்தால் இன்னும் ஏறும், ஏனென்றால் நீராவி கலந்த வளி உலர்ந்த வளியை விட அடர்த்தி குறைந்தது. மருந்துக்கும் ஒரு குன்று இல்லாத எங்கள் ஊரில், மதியத்தில் எஞ்சின் ஒரு மலைச்சாரலின் வளியைத்தான் இழுக்கிறது! நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே பகலில் 20 பாகை இருந்தால் மெலிவுயரம் 2,480 மீற்றர் அளவுக்குப் போகும். பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான்.

ஏப்ரலில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்க இங்கிருந்து மோட்டார் சைக்கிளிலேயே போகிறவர்கள் இருக்கிறார்கள். காபரேற்றர் (வளியோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி) வைத்த வண்டி நுவரெலியாவை நெருங்கியதும் இழுவை குறைந்து திணறும். திரும்பி வந்து ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கராஜில் பிளக்கைக் கழற்றினால், முனை உலர்ந்த கரியாகக் கறுத்திருக்கும், விரலில் ஒட்டும். நடப்பது இதுதான்: வளியின் நிறை 15 சதவீதம் குறைந்தால், காபரேற்றர் ஊட்டும் பெற்றோல் அதில் ஏறக்குறைய பாதியளவே குறைகிறது. மிச்சப் பெற்றோல் எரியாமல் கரியாகிறது. அதனால்தான் மலைக்குப் போகும்போது துளை சிறிய மெயின் ஜெற் போடுகிறார்கள். ஊசித்துளை மாதிரி இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் இரண்டு ஜெற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. பொறித்திருக்கிற இலக்கத்தைத்தான் நம்ப வேண்டும்.

அமெரிக்காவில் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் இந்தச் சிக்கல் ஒரே ஓட்டத்துக்குள் வந்துவிடுகிறது. தொடக்கம் 2,862 மீற்றர், முடிவு 4,302 மீற்றர், இடையில் 20 கிலோமீற்றரில் 156 வளைவுகள். கீழே பொருந்திய ஜெற் மேலே பொருந்தாது. பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்சன் வண்டிகள் அமுக்கத்தை உணர்ந்து கலவையைத் திருத்திக்கொள்கின்றன. ஆனால் இல்லாத ஒட்சிசனை எந்தக் கருவியும் கொண்டுவராது. மேலே போகப் போக வலு குறைந்துகொண்டேதான் இருக்கும். மெலிந்த வளி ரேடியேற்றரில் இருந்து வெப்பத்தையும் குறைவாகவே எடுத்துச் செல்கிறது. 2013இல் ஓட்டுநர் கார்லின் டன் ஒரு மின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றையும் முந்தியதற்கு இது ஒரு முக்கிய காரணம், மின்மோட்டருக்கு ஒட்சிசன் தேவையில்லை. 2019இல் அதே மலையில், முடிவுக்கோட்டுக்குக் கிட்ட அவர் விபத்தில் இறந்தார். அதன் பிறகு அங்கே மோட்டார் சைக்கிள்கள் ஓடவில்லை. கட்டுரையில் அவருக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

இப்போது ஓட்டுநருக்கு வருவோம். தற்போதைய வரைவு வண்டிக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டும். குளிர்ந்த விடியலில் வளி இறுகி எஞ்சினுக்கு வலு கூடும். ஓட்டுநரின் நுரையீரலுக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு வேண்டியது ஒட்சிசனின் பகுதியமுக்கம், அதாவது மொத்த வளியமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு. வளியில் ஒட்சிசனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் பைக்ஸ் பீக் உச்சியில் மொத்த அமுக்கமே கடல் மட்டத்தில் இருப்பதன் 60 சதவீதமளவு. வெப்பநிலை மாறினாலும் அது பெரிதாக மாறாது. மூளைக்கு ஒட்சிசன் குறைந்தால் முடிவெடுப்பது பிந்தும், அதுவும் அவர் மிகக் களைத்திருக்கிற கடைசி வளைவுகளில். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்: எஞ்சினுக்கு மெலிவுயரம், மனிதனுக்கு அமுக்கவுயரம் (வளியின் அமுக்கத்தை மட்டும் நியம வளிமண்டலத்தோடு ஒப்பிட்டுப் பெறும் உயரம்).

ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். பெற்றோல் குறைந்த கலவையை 'மெலிந்த கலவை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. உயரத்தில் வளி மெலியும்போது கலவையோ பெற்றோல் கூடியதாகிறது. இரண்டுக்கும் 'மெலி' வந்தால் ஒரு பத்திக்குள்ளேயே முரண்படும். அதனால் கலவைக்கு 'பெற்றோல் மிகை', 'பெற்றோல் குறை' என்று வெளிப்படையாக எழுதி, மெலிவை வளிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். பலாலியில் விமானம் ஏறுவதைப் பற்றி நாளை யாராவது எழுதினாலும் அதே சொல் உதவும், வெயில் ஏற ஏற ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

வரைவின் மூன்றாம் பத்தியை இப்படி மாற்றலாம்: "மதியத்தில் மெலிவுயரம் கூடுவதால் எஞ்சின் வலு குறையும், அமுக்கவுயரம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் ஓட்டுநரின் மூச்சுக்கு விடியலும் மதியமும் ஒன்றே."

சென்னை நண்பருக்கு ஒரு கேள்வி. தமிழ்நாட்டு வாசகருக்கு 'அமுக்கம்' ஓட்டுமா, அல்லது 'அழுத்தவுயரம்' என்று போடுவோமா? மெலிவுயரம் இரு கரைக்கும் பொதுவாக நிற்கும் என்று நம்புகிறேன். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.