இலைதுழாவி: 'ஃபோலியேஜ் க்ளீனிங்'குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இலைகளில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பறவைகள் தேடிப் பிடித்து உண்பதை ஆங்கிலத்தில் 'ஃபோலியேஜ் க்ளீனிங்' (foliage gleaning) என்கிறார்கள். பச்சைக் கதிர்க்குருவி (Greenish Warbler) இப்படி இரைதேடும் முறையை 'இலை மேய்தல்' என்று எழுதலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. கோழி மேய்கிறது என்று சொல்கிறோம்தான், ஆனால் முன்னால் இலையைச் சேர்த்தால் குருவி தழை தின்பதாகத்தான் படிப்பவர் நினைப்பார். அது தின்பதோ பூச்சி, புழு, சிலந்தி. 'க்ளீனிங்' என்று ஒலிபெயர்த்தால் இன்னும் மோசம், இலையைச் சுத்தம் செய்கிறது என்றாகிவிடும்.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இமயமலையிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வந்து ஏப்ரல் வரை நம்மூர் மரங்களில் தங்கும், பொதுவாகப் 10 கிராம்கூட எடையில்லாத குருவி இது. மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர் புருவக்கோடு, சிறகில் மெல்லிய ஒற்றைப் பட்டை. பட்டை தேய்ந்து மறைந்தும் போகும், அதை மட்டும் நம்பாதீர்கள். 'சி-வீ' என்ற குரல்தான் நல்ல அடையாளம். குளிர்காலத்திலும் தனக்கென்று ஓர் எல்லையைக் காப்பதால் அடிக்கடி கேட்கும்.

அப்புறம் அது இரை பிடிப்பதைக் கவனியுங்கள். கிளைக்குக் கிளை ஓயாமல் தாவி, கழுத்தை நீட்டி இலையின் மேலும் அடியிலும் பார்த்து, ஒட்டியிருக்கும் பூச்சியை எடுக்கிறது. பழுப்பு ஈப்பிடிப்பான் அப்படியில்லை, ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு மறுபடி உட்காரும். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்குவதை வைத்து 'பொறுக்கல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். க்ளீனிங் என்ற ஆங்கிலச் சொல்லின் மூல அர்த்தத்துக்கு நெருக்கம்தான், ஆனால் பொறுக்குவது என்றால் கீழே சிந்தியதை எடுப்பது. 'இலை பொறுக்கல்' என்றால் சருகு பொறுக்குவதாகிவிடும். என் பரிந்துரை 'துழாவிப் பிடித்தல்'. கண்ணால் துழாவுவது என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஃபில்லோஸ்கோபஸ் என்ற இக்குருவியின் பேரினப் பெயரிலும் இலையும் பார்ப்பதும்தான் இருக்கின்றன. வெறும் 'துழாவல்' தேடுவதை மட்டும் சொல்லும், அதனால் 'பிடித்தல்' அவசியம். இப்படி உண்ணும் பறவைகளை 'இலைதுழாவி' எனலாம், மரப்பட்டையில் தேடுபவை 'பட்டைதுழாவி'. ஈப்பிடிப்பான் செய்வது 'பாய்ந்து பிடித்தல்'.

இலைதுழாவிகள் சில சமயம் இலைக்கு எதிரே சிறகடித்து நின்றபடியும் பூச்சியை எடுக்கும். அதற்கு 'சிறகடித்துத் துழாவிப் பிடித்தல்' நீளமாகத் தெரிகிறது. சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.